கொசுவுக்கும் சேர்த்து

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

இத்துடன் வரும் தடித்த உறையை ஈரக் கையோடு பிரிக்காதே. உள்ளே இருப்பது என் இரண்டு வருட உழைப்பு. என் படக்கதைப் புத்தகத்தின் மெய்ப்புப் பக்கங்கள் வந்துவிட்டன. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு என்று அட்டையில் போடப்போகிறார்கள். நாற்பத்தைந்து வயதுக்காரியும் படிக்கலாம், தடையொன்றும் இல்லை.

கதை உனக்குத் தெரிந்ததுதான். அப்பாவுக்கு வேலை கிடைத்து நாம் எல்லோரும் இப்போது நீ இருக்கும் ஊருக்குப் போனது, உன்னைப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்த்தது, அந்தப் பள்ளிக்கூடம் முழுக்க நம் நிறத்தில் நீ ஒருத்திதான் இருந்தது. தாழ்வாரத்தில் ஒரு தடியன் 'கறுப்பி, கறுப்பி' என்று கத்திக்கொண்டு உன்னைத் துரத்துகிறான். பையைப் பிடுங்கி எறிகிறான். கடைசியில் தலைமை ஆசிரியர் அவனை எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வைக்கிறார்.

அப்புறம், கொசு வருகிறாள். நம் கொசுவேதான் அக்கா! உன் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவள். அவள் இல்லாமல் அந்தக் கதையை எப்படிச் சொல்வது? எடிட்டருக்கு அவள் மேல் தனி மயக்கம். "கொசு இன்னும் ரெண்டு பக்கம் வரட்டுமே" என்று வாரம் தவறாமல் கேட்கிறார்.

கொசு வருகிறாள் என்று அம்மாவிடம் சொன்னதிலிருந்து அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "அந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்காளோ, புள்ளகுட்டி எத்தனையோ" என்று ஒரே புலம்பல். முதல் பிரதி அம்மாவுக்குத்தான் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

இதைப் போனிலேயே சொல்லலாம். ஆனால் உன் பெயரைக் கேட்டாலே அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்கிறாள். வாசலில் நின்று பேசினாலும் பாம்புச்செவிக்கு எட்டிவிடுகிறது. இது உன் கதை. நீ சரி என்று எழுதினால்தான் அச்சுக்குப் போகும். படித்துவிட்டு உடனே எழுது.

உன்
மொட்டை

ஜனவரி 21

மொட்டைக்கு,

உறை வந்தது. கை காய்ந்துதான் இருந்தது.

படங்கள் நன்றாக இருக்கின்றன. அம்மா அடுப்பைப் பார்த்து நிற்கும்போது இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்குமே, அதை எப்படி அப்படியே பிடித்தாய் என்று ஆச்சரியமாக இருந்தது.

தாழ்வாரம் அப்படி இல்லை. என் மேல் யாரும் கத்தவில்லை. யாரும் பையை எறியவில்லை. மன்னிப்பும் யாரும் கேட்கவில்லை.

கொசு என்று நீ வரைந்திருக்கும் பெண்ணின் முகத்தை எங்கிருந்து எடுத்தாய்? அந்தப் பக்கத்தைத் திருப்பியதும் எல்லாவற்றையும் மேசையில் போட்டுவிட்டுப் போய்ப் பாத்திரம் கழுவினேன். கழுவின பாத்திரத்தையே எடுத்து மறுபடியும் கழுவினேன்.

அச்சுக்கு அனுப்பாதே. அவளை எடுத்துவிடு. புத்தகம் முழுக்க எங்குமே இருக்கக் கூடாது. காரணம் கேட்காதே.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

அக்கா

பிப்ரவரி 2

அக்காவுக்கு,

காரணம் கேட்காதே என்றால் நான் என்ன செய்ய? எடிட்டரிடம் போய், என் அக்கா பாத்திரம் கழுவினாள், அதனால் புத்தகத்தில் பாதியைக் கிழித்துப் போடுங்கள் என்று சொல்லட்டுமா?

அந்த முகம் உன் வகுப்புப் புகைப்படத்தில் இருந்தது. அம்மாவின் பெட்டியில் கிடந்தது. உன் பக்கத்தில் உயரமாக, பல் இடைவெளி தெரியச் சிரித்துக்கொண்டு, உன் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கிறாளே ஒருத்தி. வேறு யார் கொசுவாக இருக்க முடியும்? உன் மேல் கை போட்டிருப்பவள் அவள் ஒருத்திதான்.

கொசு உனக்கு மட்டும் தோழி இல்லை, தெரியுமா? எனக்கு அப்போது ஆறு வயது. சாயங்காலம் நீ அம்மாவிடம் கொசுவின் கதைகளைச் சொல்லும்போது நான் சமையலறை மேசைக்கு அடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். விக்கல் எடுத்து விக்கல் எடுத்து அவள் கணக்கு வகுப்பைக் கலைத்தது, மழைக்கோட்டைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு மணி அடிக்கும்வரை நடந்தது. என் பள்ளிக்கூடத்தில் எனக்கு அப்படி ஒரு ஆள் இல்லை. படுக்கப் போனால் நாளைக்கு அவள் என்ன செய்வாள் என்று யோசித்துக்கொண்டே தூங்குவேன். நான் வரைய ஆரம்பித்ததே அவளைத்தான்.

தோழி இல்லாமல் இப்படி ஒரு கதையைப் பிள்ளைகள் கையில் கொடுக்க முடியாது என்கிறார் எடிட்டர். ரொம்ப இருட்டாகிவிடுமாம். அவர் சொல்வதும் நியாயம்தானே.

நீ எப்போதுமே இப்படித்தான். லிஃப்டில் மாட்டிக்கொண்டு அவசரப் பொத்தானை அழுத்துகிற ஊர்பேர் தெரியாதவர்களிடம் மெக்கானிக் வரும்வரை பேசிக்கொண்டே இருப்பது உன் வேலை. அவர்களுக்குக் கிடைக்கிற அக்கா எனக்குக் கிடைப்பதில்லை. எனக்கு வருவது நாலு வரி. அப்பா போன பிறகு, நாங்கள் ஊர் திரும்பியதிலிருந்து, எங்களோடு வா என்று எத்தனை தடவை கூப்பிட்டோம். வரவும் மாட்டாய், ஏன் என்று சொல்லவும் மாட்டாய்.

தம்பி

பிப்ரவரி 15

தம்பி,

கோபத்தில்தான் நீ ஒழுங்காக எழுதுகிறாய். படித்துவிட்டு இரண்டு நாள் சும்மா இருந்தேன். இனிமேல் மென்று முழுங்குவதில் பிரயோஜனம் இல்லை.

கொசு என்று யாரும் இல்லை.

பள்ளிக்கூடத்தில் சேர்ந்த முதல் வாரம். அம்மா அடுப்பிலிருந்து திரும்பாமலே "பக்கத்துல யாரு உக்காருறா?" என்று கேட்டாள். என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. புது ஊரில் அம்மாவே வாசலைத் தாண்டாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. ஒரு பொண்ணு என்றேன். "பேரென்ன?" என்றாள். சுவரில் ஒரு கொசு உட்கார்ந்திருந்தது. "எல்லாரும் கொசுன்னு கூப்பிடுவோம்மா" என்றேன். அம்மா சிரித்துவிட்டாள். அந்த ஊருக்குப் போனதிலிருந்து அன்றைக்குத்தான் சிரித்தாள். அதற்கப்புறம் நிறுத்த முடியவில்லை. பள்ளிக்கூடம் விட்டு நடந்து வரும்போதே அன்றைக்குக் கொசு என்ன செய்தாள் என்று யோசித்துக்கொண்டே வருவேன்.

அம்மா கொசுவுக்கும் சேர்த்துச் சாப்பாடு கட்ட ஆரம்பித்தாள். தினமும் இரண்டு டப்பா. அவள் ருசியும் என் ருசியும் ஒரே மாதிரி இருந்தால் அம்மாவுக்குச் சந்தேகம் வரும் என்று அவளுக்கு முட்டை பிடிக்காது என்று வேறு கரடி விட்டேன். பாவம், அம்மா அதற்குத் தனியாக ஏதோ செய்து வைப்பாள். தூக்கிப் போட மனசு வரவில்லை. இரண்டையும் நானே சாப்பிட்டேன். அந்த இரண்டு வருஷத்தில் நான் எப்படிக் குண்டானேன் என்று எல்லோரும் கேட்டார்களே, இப்படித்தான்.

நடந்தது என்னவென்றால் ஒரு விளையாட்டு. என் மேல் யாருடைய கை பட்டாலும் கறுப்பு ஒட்டிக்கொள்ளும். பட்டவர் அதை உடனே அடுத்தவர் மேல் தேய்த்துவிட வேண்டும். அவர் அடுத்தவர் மேல். மணி அடிக்கும்போது யார் கையில் இருக்கிறதோ அவர் தோற்றவர். பாடம் நடக்கும்போதே சத்தமில்லாமல் நடக்கும். டீச்சர் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினால் எல்லோரும் சமர்த்தாக உட்கார்ந்திருப்பார்கள். ஒரு டீச்சர் பார்த்துவிட்டார். பிள்ளைகள் என்னமோ தொட்டு விளையாடுகிறார்கள் என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். யாரும் என்னைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. யாரிடம் போய் என்னவென்று புகார் சொல்வது? ஆட்டமே என்னை வைத்துத்தான், ஆனால் ஆட்டத்தில் என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

அதைக் கண்டுபிடித்தவள்தான் நீ வரைந்திருக்கும் பெண். புகைப்படக்காரர் 'நெருக்கமா நில்லுங்க, தோள்ல கை போடு' என்று அவளிடம் சொன்னார். போட்டாள். ஆட்டம் இனிமேல்தான் என்று வகுப்புக்கே தெரியும். படத்தில் எல்லோரும் அவ்வளவு அழகாகச் சிரிப்பது அதனால்தான். படம் எடுத்த அந்த நிமிஷமே எல்லோரும் கத்திக்கொண்டு நாலு பக்கமும் ஓடினார்கள். பெஞ்சு மேல் நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன்.

அந்த முகத்துக்கு நீ எவ்வளவு ஆசையாக வண்ணம் அடித்திருக்கிறாய்! அவள் என் கண்ணீரைத் துடைக்கிற கட்டத்தைப் பார்க்கவே முடியவில்லை தம்பி.

உன் எடிட்டரிடம் ஒன்று கேள். தோழியே இல்லாத பிள்ளை இந்தப் புத்தகத்தைப் படித்தால் என்ன நினைக்கும்? இவ்வளவு கஷ்டப்பட்டவளுக்குக்கூட ஒருத்தி கிடைத்தாள், எனக்குக் கிடைக்கவில்லை என்றால் தப்பு என் மேல்தான் என்று நினைக்கும். நான் அப்படித்தான் நினைத்தேன். இன்றைக்கும் சில நாள் நினைக்கிறேன். வேலையிடத்தில் என் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தால், யார் விடுப்பு என்று பார்ப்பதற்கு முன் என் கையைத்தான் பார்க்கிறேன்.

அம்மாவிடம் சொல்லாதே.

அக்கா

மார்ச் 2

அக்கா,

நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். ஆறுதலாக எழுதினால் அசட்டுத்தனமாக இருக்கிறது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தத் தாழ்வாரத்துத் தடியன் உன் பள்ளிக்கூடத்துக்காரன் இல்லை. என் பள்ளிக்கூடத்துக்காரன். என் மேல் கத்தினார்கள், என் பையைத்தான் எறிந்தார்கள். உனக்கும் அப்படித்தான் இருந்திருக்கும், ஆனால் உனக்குக் கொசு இருக்கிறாள், அதனால் தாங்கிக்கொள்கிறாய் என்று நினைத்தேன். அதனால் உன்னிடம் சொல்லவில்லை. ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தோம். என்ன பிள்ளைகள் நாம்!

எடிட்டரிடம் போனேன். தோழியே இல்லாத பிள்ளை என்ன நினைக்கும் என்று நீ கேட்டதை அப்படியே சொன்னேன். அவர் பென்சிலை உருட்டிக்கொண்டே இருந்தார். இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டு, "அப்ப அவ இல்லாம வரைஞ்சு காட்டுங்க, பார்ப்போம்" என்றார்.

சில பக்கங்களின் பென்சில் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன், பார். இடது பக்கத்தில் சமையலறை. நீ அம்மாவிடம் சொல்கிறாய். நீ சொல்கிறபோது மட்டும் கொசு வருகிறாள், புத்தகத்தில் முழு வண்ணத்தில், மேசை மேல் ஏறி நிற்கிறாள். வலது பக்கத்தில் அதே நாள், பள்ளிக்கூடம். பெஞ்சில் நீ. பக்கத்தில் யாரும் இல்லை. எந்தப் பக்கத்திலும் விளக்கம் எழுதப் போவதில்லை, பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள். அந்த விளையாட்டு ஒரு முழுப் பக்கம். வெறும் கைகள். கையிலிருந்து கைக்கு, வரிசை வரிசையாக. முகமே கிடையாது. தடியனையும் தலைமை ஆசிரியரையும் எடுத்துவிட்டேன். கொசுவின் முகத்தை மாற்றிவிட்டேன். இப்போது அவள் யாருடைய சாயலிலும் இல்லை.

இதுதான் என் வாழ்க்கையிலேயே நான் வரைந்ததில் நல்லது என்று எனக்குத் தெரிகிறது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

ஆனால் அம்மா? முதல் பிரதி அம்மாவுக்கு. அம்மா படித்தால் புரிந்துவிடும். சொல்லாதே என்கிறாய். இந்தப் புத்தகம் வந்தால் சொன்ன மாதிரிதான். நீயே முடிவு செய். வேண்டாம் என்றால் எல்லாவற்றையும் கட்டிப் பரண் மேலே போட்டுவிடுகிறேன். இது வெறும் வாய்ப்பேச்சு இல்லை.

மொட்டை

மார்ச் 14

மொட்டைக்கு,

கைகளை நீ வரைந்திருக்கும் பக்கம் என் மேசையில் கவிழ்ந்து கிடக்கிறது. நிமிர்த்தி வைக்க இன்னும் தைரியம் வரவில்லை. அவ்வளவு சரியாக இருக்கிறது.

ஆனாலும் வேண்டாம். கொசுவைத் திரும்பப் பெஞ்சிலேயே உட்கார வைத்துவிடு. முகத்தைத்தான் மாற்றிவிட்டாயே, அது போதும். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. அந்த ஊரில் அம்மாவுக்கு நினைத்துச் சந்தோஷப்பட இருக்கிற ஒரே ஆள் கொசுதான். இந்த வயதில் அதைப் போய்ப் பிடுங்குவானேன்? எனக்கு நடந்தது நடந்துவிட்டது. முன்னால் எழுதியதைக் கோபத்தில் எழுதியதாக நினைத்துக்கொள்.

மார்ச் 15

நேற்று இந்தக் கடிதத்தைத் தபாலில் போடாமல் வேலைக்குப் போய்விட்டேன். நல்லதாகப் போயிற்று.

மத்தியானம் ஒரு அழைப்பு. குடியிருப்பு ஒன்றில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு சிறுமி மட்டும். குரலை வைத்துப் பார்த்தால் ஒன்பது வயது இருக்கும். அழவில்லை. எப்போது வருவார்கள் என்று கேட்டாள். எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பது 'இதோ வந்துகொண்டே இருக்கிறார்' என்பதுதான். எவ்வளவு நேரமானாலும் அதையேதான் சொல்ல வேண்டும். சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டாள். மறுபடியும் சொன்னேன். மூன்றாவது தடவை அந்தப் பெண் கேட்டது இதுதான்: "ஆன்ட்டி, நிஜமா எவ்ளோ நேரம் ஆகும்னு சொல்லுங்க. ரொம்ப நேரம்னா நான் உக்காந்துக்கறேன். கதவையே பார்த்து நின்னு கால் வலிக்குது."

மெக்கானிக் ஊரின் அந்தக் கோடியில் இருந்தார். முக்கால் மணி நேரம் ஆகும் என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். "சரி" என்றாள். பையைக் கீழே வைத்துவிட்டு உட்காருகிற சத்தம் கேட்டது. அப்புறம் நிம்மதியாகப் பேசிக்கொண்டிருந்தாள். மேற்பார்வையாளர் என்னைக் கூப்பிட்டுத் திட்டினார், அது வேறு கதை.

நான் அம்மாவை இத்தனை வருஷமாகக் கதவைப் பார்த்தே நிற்க வைத்திருக்கிறேன் போலிருக்கிறது. நானும் நின்றுகொண்டிருக்கிறேன். எனக்கும் கால் வலிக்கிறது தம்பி.

நீ வரைந்தபடியே போகட்டும். அச்சாகும் வரை அம்மா காத்திருக்க வேண்டாம். இந்தப் பக்கங்களையே கொடு. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. அம்மா என்ன சொன்னாலும் பூசி மெழுகாமல் எழுது.

அக்கா

ஏப்ரல் 3

அக்கா,

பூசி மெழுகாமல் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கொடுத்தேன். சமையலறை மேசையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். இடது பக்கமெல்லாம் ஒரே சிரிப்பு. "இதோ பாருடா, விக்கல்! இதைச் சொல்லிச் சொல்லி எப்படிச் சிரிப்பா உங்கக்கா." வலது பக்கங்களைச் சும்மா தள்ளிக்கொண்டே போனாள். நடுவில் நிறுத்திவிட்டு, "பள்ளிக்கூடத்துல கொசுவைக் காணோமே, வரைய மறந்துட்டியா?" என்று கேட்டாள். மறக்கவில்லைம்மா என்றேன். என் முகத்தைப் பார்த்தாள். திரும்ப முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். இந்தத் தடவை வலது பக்கங்களை மட்டும் பார்த்தாள்.

கைகள் இருந்த பக்கத்தில் ரொம்ப நேரம் இருந்தாள். அப்புறம் எழுந்து போய் மடித்து வைத்த துணிகளையெல்லாம் உதறி மறுபடி மடித்தாள். இந்தப் பழக்கம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டேன்.

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் கத்த ஆரம்பித்தாள். "முட்டை ஆகாதுன்னு சொன்னாளேடா! காலங்காத்தால எழுந்து அதுக்குன்னு தனியா செஞ்சேனே! ரெண்டு வருஷம் ஒருத்தி என்னை முட்டாளாக்கியிருக்கா, நானும் ஆகியிருக்கேன்!" கத்தி ஓய்ந்து உட்கார்ந்தாள். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டாள். கொசுவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, அந்தப் பிள்ளைகளைப் பற்றியும் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அவ எங்க உக்காந்துடா சாப்பிட்டா?"

எனக்குத் தெரியவில்லை அக்கா. நீ எனக்கு எழுதவில்லை. தெரியாதும்மா என்றேன். "கேட்டுச் சொல்லு" என்றாள். நீயே கேளேன்மா என்றேன். "நான் எப்படிடா கேப்பேன்" என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாள்.

மீதியையும் ராப்பகலாக வரைந்து முடித்துவிட்டேன், பக்கங்கள் அச்சகத்துக்குப் போய்விட்டன. நீ போன் செய். நான் அந்த நேரம் வெளியே போய்விடுகிறேன்.

மொட்டை

ஏப்ரல் 16

தம்பிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று நாள் போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். நேற்று அதுவே அடித்தது. அம்மாதான். நீ வீட்டில் இல்லை என்றாள். ஸ்பீக்கர் எப்படிப் போடுவது என்று தெரியாமல் காதிலேயே வைத்திருந்தாள் போல, மூச்சு அவ்வளவு பக்கத்தில் கேட்டது.

அம்மா கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டேன். மாடிப்படிக்கு அடியில், உடைந்த மேசை நாற்காலிகளைப் போட்டு வைப்பார்கள், அதற்குப் பின்னால். வெளிச்சம் வரும், யாரும் வர மாட்டார்கள். சாப்பாடு ஆறியிருக்காது, நன்றாகத்தான் இருக்கும் என்றேன். ஏன் அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை. அம்மா உம் கொட்டினாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. திட்டுவாள் என்று நினைத்தேன், அதுவும் இல்லை. அங்கே மழையா, இடுப்பு வலி எப்படி இருக்கிறது என்று ஏதேதோ கேட்டாள்.

அப்புறம் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டாள். "சாப்பிட்டியா?" இனிமேல்தான் என்றேன். "யாரோட சாப்பிடுவ?"

இத்தனை வருஷமாக இந்தக் கேள்விக்கு என்னிடம் ஆயத்தமாகப் பதில் உண்டு. வேலையிடத்துத் தோழி ஒருத்தி, மாடி வீட்டுக்காரி, ஞாயிற்றுக்கிழமை என்றால் யாரோ விருந்துக்குக் கூப்பிட்டார்கள் என்று. அவர்களில் பாதிப் பேர் கிடையாது என்று உனக்கு இப்போது தெரிந்திருக்கும். நேற்றும் வாய்வரை வந்தது.

"யாரோடயும் இல்லம்மா. நான் மட்டும்தான்" என்றேன்.

அம்மா போனை வைத்துவிட்டாளோ என்று நினைத்தேன். பிறகு நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது. பாத்திரத்தின் மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டது.

"போனை வைக்காத. நானும் இன்னும் சாப்பிடலை. தட்டை எடுத்துட்டு வந்து உக்காரு" என்றாள்.

எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்துக்கொண்டேன். அம்மா மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. நான் மெல்லுவது அங்கே கேட்டிருக்கும். முடித்ததும் அம்மா, "போதுமா, இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ" என்றாள். போட்டுக்கொண்டேன்.

அக்கா